கிராம்பை மருந்துக்கும் வச்சாங்க, சாமிக்கும் வச்சாங்க, ஏன்?

கிராம்பு ஒண்ணை எடுத்து உள்ளங்கையில வச்சு கிட்டக்க பாத்திருக்கீங்களா? தினமும் கையில படுற பொருள்தான், ஆனா நிதானமா பாக்குறவங்க கம்மி. கீழ நீளமா ஒரு தண்டு, மேல நாலு பல்லு விரிஞ்சிருக்கும், அந்த நாலு பல்லுக்கும் நடுவுல மிளகை விட சின்னதா ஒரு உருண்டை உக்காந்திருக்கும். மொத்த நீளமே ஒண்ணரை ரெண்டு சென்டிமீட்டர்தான். இதை சுடுதண்ணியில நல்லா ஊற வச்சிட்டு நகத்தால அந்த உருண்டையை மெதுவா கிள்ளுங்க, தொப்பி கழண்டு வர்ற மாதிரி கழண்டு வரும், உள்ள மெல்லிசு மெல்லிசா நூல் மாதிரி நிறைய இழை உள்பக்கமா மடங்கி கிடக்கும். அதெல்லாம் மகரந்தம் இருக்குற கேசரங்கள். அதாவது கிராம்புங்கறது விதையும் இல்ல, காயும் இல்ல, பூக்காத ஒரு மொட்டு. பூக்குறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி பறிச்சு காய வச்சுட்டாங்க, அவ்ளோதான். நான் முதல் தடவை இப்படி பிரிச்சு பாத்தப்போ ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

இதை ஏன் முதல்லயே சொல்றேன்னா, கிராம்பை வச்சு உலகம் பூரா மனுஷங்க செஞ்ச வைத்தியம், பூஜை, திருஷ்டி கழிக்கிறது, மந்திரம் இதுல முக்கால்வாசியும் ரெண்டே விஷயத்துல இருந்து வந்ததுதான்னு எனக்கு தோணுது. ஒண்ணு அதோட உருவம், பாக்க ஆணி மாதிரியே இருக்கும். இன்னொண்ணு அதுக்குள்ள இருக்குற எண்ணெய், அதோட வாசனையும் மரத்துப்போக வைக்கிற குணமும். இந்த ரெண்டையும் புரிஞ்சுக்கிட்டா எந்த பழக்கம் எங்க இருந்து வந்துச்சு, எதை எதுக்கு நம்பலாம்னு நீங்களே பிரிச்சு பாத்துக்கலாம்.

முதல்ல ஒரு பேர் குழப்பத்தை தீத்துக்குவோம். லவங்கம்னாலும் இலவங்கம்னாலும் கிராம்புதான். ஆனா லவங்கப்பட்டைன்னு சொன்னா அது வேற மரம், வேற குடும்பம். பழைய வைத்திய குறிப்பு படிக்கறப்போ இலவங்கம்னு போட்டிருந்தா பட்டைன்னு நினைச்சு மாத்தி எடுத்துடாதீங்க, நிறைய பேர் இங்கதான் தடுமாறுறாங்க. கிராம்புக்கு சொந்தக்காரன் யாருன்னா நாவல்மரம், ரெண்டும் ஒரே பேரினம். கொய்யாவும் யூகலிப்டஸும் கூட ஒண்ணுவிட்ட உறவுதான், நாலும் ஒரே குடும்பம், அந்த குடும்பத்துல இலையை கசக்கினா வாசனை வர்ற மரம் நிறைய.

கிராம்பு மரத்தோட தாய் வீடு இந்தோனேசியாவுல மலுக்கு தீவுகள். அதுலயும் டெர்னேட், டிடோர், மோட்டி, மாக்கியான், பச்சான்னு அஞ்சு சின்ன தீவுதான் இதுக்கு பேர் போன இடம். மரம் நட்டா மொட்டு பாக்கவே ஆறேழு வருஷம் ஆகும். பச்சையா இருக்குற மொட்டு லேசா ரோஸ் கலருக்கு திரும்புறப்போ கொத்து கொத்தா கையாலயே பறிச்சு, நாலஞ்சு நாள் வெயில்ல காய வச்சா அந்த காப்பிப்பொடி கலர் வந்துடும், எடையும் மூணுல ஒரு பங்கா இறங்கிடும். ரெண்டு நாள் தாமதிச்சா மொட்டு பூவாயிடும், மருந்துக்கும் ஆகாது வியாபாரத்துக்கும் ஆகாது.

இப்ப அந்த எண்ணெய்க்கு வருவோம். நல்ல கிராம்புல எடையில 15-ல இருந்து 20 சதவீதம் வரைக்கும் வாசனை எண்ணெய்தான், ஒரு மொட்டுக்கு இது ரொம்ப ரொம்ப அதிகம். அந்த எண்ணெய்ல 70-ல இருந்து 90 சதவீதம் யூஜினால்னு ஒரே ஒரு பொருள். கிராம்பை வாயில போட்டு கடிச்சா முதல்ல சுள்ளுன்னு ஒரு காரம், அப்புறம் சூடு, அப்புறம் அந்த இடம் மரத்துப் போயிடுதுல்ல, அந்த மூணும் இதோட வேலைதான். நரம்பு வழியா வலி சேதி போகணும்னா சோடியம் உள்ள போறதுக்குன்னு இருக்குற சின்ன சின்ன கதவு திறக்கணும், யூஜினால் அந்த கதவை அடைச்சுப் பிடிக்குது, சேதி போகாது, வலி தெரியாது. அந்த சூடு எதனாலன்னா மிளகாய் போய் தொடுற அதே உணர்வு வாங்கியை இதுவும் போய் தொடுது, தொட்டு தொட்டு அதை களைச்சுப் போக வச்சிடுது.

பல்லுவலிக்கு கிராம்பு வைக்கிற பழக்கம் இவ்ளோ நாடுகள்ல இவ்ளோ காலமா நிலைச்சு நிக்குதுன்னா காரணம் இதுதான். பல் டாக்டர் கிளினிக்குக்குள்ள நுழைஞ்சதும் ஒரு வாசனை வரும் பாருங்க, அது பெரும்பாலும் யூஜினால்தான், அதை துத்தநாக ஆக்சைடு பொடியோட குழைச்சு தற்காலிகமா பல்லை அடைக்க இன்னைக்கும் யூஸ் பண்றாங்க. 2006-ல குவைத்துல இருந்து ஒரு ஆய்வு வந்துச்சு, 73 பேரோட வாய்க்குள்ள கிராம்பு ஜெல், பென்சோகெயின்ங்கற மரத்துப்போற மருந்து, அப்புறம் ஒண்ணுமே இல்லாத வெறும் ஜெல்னு தடவி, அப்புறம் ஊசியால குத்தி பாத்தாங்க. கிராம்பு தடவின இடத்துலயும் பென்சோகெயின் தடவின இடத்துலயும் வலி ஒரே அளவுக்கு கம்மியா இருந்துச்சு, வெறும் ஜெல்லுக்கு அப்படி இல்ல.

ஆனா ஒண்ணு, வலி தெரியாம போறது வேற, நோய் போறது வேற. எனக்கு ஒரு தடவை கடவாய்ப்பல்லு வலி வந்து ராத்திரி தூக்கமே இல்ல, கிராம்பை நசுக்கி பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவுல அடக்கிக்கிட்டேன், பத்து நிமிஷத்துல வலி போன இடம் தெரியல. அப்படியே ஒரு வாரம் கிராம்பை வச்சே ஓட்டிட்டேன், கடைசியில முகம் வீங்கி போய் டாக்டர்கிட்ட உக்காந்தப்போ சீழ் வேர் வரைக்கும் போயிருந்துச்சு. ஒரு வாரம் முன்னாடியே போயிருந்தா சும்மா அடைச்சு விட்டிருப்பாரு. அதனால பல்லுவலிக்கு கிராம்புங்கறது விடியற வரைக்கும் தாக்குப்பிடிக்கிறதுக்கு, விடிஞ்சதும் டாக்டர்கிட்ட போயிடணும். இதை நான் யாருகிட்ட கிராம்பு பத்தி பேசினாலும் சொல்லாம விடுறதில்ல.

அடுத்து இருமல், தொண்டை கரகரப்பு. லேசா அனல்ல வாட்டின கிராம்பு ஒண்ணை வாயில அடக்கிக்கிட்டா எச்சில் ஊறும், அந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமா தொண்டையில இறங்கும், உறுத்தல் குறையும். தேன்ல குழைச்சும் குடுப்பாங்க, ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு மட்டும் தேனே கூடாது. வயிறு உப்புசம், சாப்பிட்டது செரிக்காம நெஞ்சுல நிக்கிறது இதுக்கெல்லாம் ரெண்டு மூணு கிராம்பை ஒரு கிளாஸ் தண்ணியில போட்டு கொதிக்க விட்டு அஞ்சு நிமிஷம் மூடி வச்சு குடிக்கிறது பழைய வழக்கம். மூடி வைக்கணும், அது முக்கியம், திறந்தே வச்சா எண்ணெய் ஆவியோட போயிடும், வாசனை வீட்டுக்கு கிடைக்கும் உங்களுக்கு கிடைக்காது.

வாய் நாத்தத்துக்கு கிராம்பு மெல்றது எவ்ளோ பழசுன்னு பாத்தா ஆச்சரியமா இருக்கும். சீனாவுல ஹான் வம்ச காலத்துல, அதாவது சுமார் 2000 வருஷம் முன்னாடி, பேரரசர் முன்னாடி நின்னு பேசுற அதிகாரிங்க வாயில கிராம்பை அடக்கிக்கிட்டுதான் பேசணுமாம், அப்ப அதுக்கு அவங்க வச்ச பேரு கோழி நாக்கு வாசனை. மலுக்குல இருந்து சீனா வரைக்கும் அந்த காலத்துலயே கடல் தாண்டி இந்த மொட்டு போயிருக்குங்கறது தனி கதை. நம்ம பக்கமும் காளிதாசர் ரகுவம்சத்துல வேற தீவுல இருந்து காத்து கொண்டு வர்ற லவங்கப்பூன்னு ஒரு வரி இருக்கு, இது கடல் தாண்டி வர்ற சரக்குன்னு அப்பவே தெரிஞ்சிருக்கு. இலங்கையில மாந்தை துறைமுகத்தை தோண்டினப்போ ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ஒரு கிராம்பு மிளகோட சேர்ந்து கிடைச்சுது.

வைத்திய முறைகளுக்குள்ள ஒரு சுவாரசியமான முரண் இருக்கு, எனக்கு இந்த சப்ஜெக்ட்லயே ரொம்ப பிடிச்ச இடம் இதுதான். சீன வைத்தியத்துல கிராம்பு சூடு, வயித்தை சூடாக்கும், மேல ஏறுற வாயுவை கீழ இறக்கும், அதனால விக்கலுக்கும் வாந்திக்கும் குடுப்பாங்க, விக்கலுக்குன்னே சீமைப்பனிச்சை (பெர்சிமன்) பழத்தோட காய்ந்த காம்பு இதழை கிராம்போட சேர்த்து ஒரு கஷாயம் இருக்கு. யுனானியிலயும் இது சூடு, வறட்சி. ஆனா ஆயுர்வேதத்துல லவங்கம் குளிர்ச்சி! காரமும் கசப்பும் சேர்ந்த ருசி, ஆனா வீரியம், அதாவது உடம்புக்குள்ள போய் செய்யற வேலை, குளிர்ச்சின்னு பாவபிரகாசம்ங்கற பழைய ஆயுர்வேத நூல் சொல்லுது. அதே மொட்டு, ஒருத்தர் சூடுங்கறாரு ஒருத்தர் குளிர்ச்சிங்கறாரு, யாரு சரி? கிராம்பை ஒரு தடவை மென்னு பாத்துட்டு யோசிச்சா ரெண்டு பேருமே பொய் சொல்லலன்னு தோணும். முதல் அரை நிமிஷம் எரியுது, அப்புறம் மரத்துப் போய் ஜில்லுன்னு ஆகுது. ஒருத்தர் முதல் பாதியை கவனிச்சிருக்கலாம், இன்னொருத்தர் பின் பாதியைன்னு நான் நினைச்சுக்கிறேன், இது என்னோட கணிப்புதான். ஆனா இதுல இருந்து தெரிஞ்சுக்க வேண்டியது, ஒரு முறையில எழுதியிருக்குறதை இன்னொரு முறையோட கலந்து அடிக்கக்கூடாது, ஒவ்வொண்ணுக்கும் தனி கணக்கு இருக்கு.

பாதுகாப்பு விஷயம் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இப்ப எல்லாரும் முழு கிராம்பை விட்டுட்டு கிராம்பு ஆயில் பாட்டிலுக்கு போயிட்டாங்க. மொட்டும் ஆயிலும் ஒண்ணு இல்லங்க. மொட்டுல எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும், ஆயில்ல ஒரே சொட்டுல நிறைய மொட்டோட சத்து நிக்குது. நேரா ஈறுல வச்சா புண்ணாயிடும். தோல்ல தடவணும்னா 10 மில்லி தேங்காய் எண்ணெய்லயோ நல்லெண்ணெய்லயோ ஒரு சொட்டு, அதுக்கு மேல வேண்டாம். குழந்தை கைக்கு எட்டுற இடத்துல இந்த பாட்டிலை வைக்கவே வைக்காதீங்க, 5-ல இருந்து 10 மில்லி குடிச்ச சின்னக் குழந்தைங்க கல்லீரல் கெட்டு மயக்கத்துக்கு போனது மருத்துவ இதழ்கள்ல பதிவாகி இருக்கு, 10 மில்லிங்கறது ரெண்டு டீஸ்பூன்தான். மீனை மயக்கி பரிசோதனை பண்றதுக்கே இந்த ஆயிலைத்தான் தண்ணியில கலக்குறாங்க, அவ்ளோ பவர். யூஜினால் ரத்தம் உறையுறதை தாமதப்படுத்தும், அதனால ரத்தத்தை இளக்குற மாத்திரை சாப்பிடுறவங்க, ஆபரேஷனுக்கு நாள் குறிச்சவங்க மருந்து அளவுக்கு கிராம்பு எடுக்காம டாக்டர்கிட்ட கேட்டுக்கணும். கர்ப்பமா இருக்குறவங்க சாப்பாட்டுல போடுற அளவோட நிறுத்திக்கலாம், ஆயில் வேண்டாம். வீட்டுல பூனை இருந்தா இந்த ஆயிலை ஆவியா வீட்டுல பரவ விடாதீங்க, பூனையோட கல்லீரலால இந்த மாதிரி பொருளை சரியா வெளியேத்த முடியாது.

சரி, இப்ப சாமி பக்கம், நம்பிக்கை பக்கம் வருவோம். முதல்ல அந்த ஆணி உருவம். லத்தீன்ல ஆணிக்கு க்ளாவுஸ், அதுல இருந்துதான் இங்கிலீஷ்ல க்ளோவ். சீனத்துல இப்ப இதுக்கு பேரு ஆணி வாசனை. பாரசீகத்துல மீகக், அப்படின்னா சின்ன ஆணி. இத்தனை தூரத்துல இருக்குற மூணு மொழிக்காரங்களும் இதை பாத்ததும் ஆணின்னுதான் சொல்லியிருக்காங்க. ஆணி என்ன பண்ணும்? குத்தும், பொருத்தும், அசையாம நிறுத்தும். நம்பிக்கையில கிராம்பு செய்யறதும் அதேதான். மேற்கு நாடுகள்ல நினைச்ச காரியம் நிலைக்கணும்னு வேண்டிக்கிட்டே மெழுகுவர்த்தியில கிராம்பை குத்தி ஏத்துவாங்க, ஊர் வம்பு பேசுற வாயை அடைக்கணும்னு கிராம்பை நெருப்புல போடுவாங்க. வாயை மரத்துப்போக வைக்கிற பொருளையே வம்பு பேசுற வாய்க்கும் வச்சிருக்காங்க பாருங்க, உடம்புல கண்டதை அப்படியே மனசுக்கும் எடுத்துட்டு போயிருக்காங்க. வெத்தலையை மடிச்சு பிரியாம இருக்க ஒரு கிராம்பை குத்தி வைக்கிறதும் ஆணி வேலைதான், மங்கள காரியத்துல அந்த தாம்பூலம் குடுக்கறப்போ அந்த குத்தலுக்கும் ஒரு அர்த்தம் சேர்ந்துடுது.

குர்து மக்கள்கிட்ட ஒரு வழக்கம் எனக்கு ரொம்ப பிடிக்கும், ஒரு ஆப்பிள் பழம் முழுக்க இடைவெளி இல்லாம கிராம்பை குத்தி பிரியமானவங்களுக்கு குடுப்பாங்க, சண்டை போட்டு பிரிஞ்சவங்க சமாதானத்துக்கும் இதையே அனுப்புவாங்க. பழம் அழுகாது, மெல்ல காஞ்சு சுருங்கும், வாசனை மட்டும் வருஷக்கணக்கா நிக்கும். பாலஸ்தீனத்துல கிராம்பை ஊற வச்சு மெத்துன்னு ஆக்கி நூல்ல கோத்து மாலையா போட்டுக்குவாங்க, கல்யாணப் பொண்ணு கழுத்துல அது கிடக்கறப்போ உடம்பு சூட்டுல வாசனை எழும்பும்.

அடுத்தது வாசனை. கெட்ட காத்துதான் நோயைக் கொண்டு வருதுன்னு நம்பின காலத்துல ஐரோப்பாவுல பிளேக் வந்தப்போ ஆரஞ்சு பழத்துல கிராம்பை குத்தி கையில வச்சு மோந்துக்கிட்டே நடந்தாங்க, பிளேக் டாக்டருங்க பறவை மூக்கு மாதிரி முகமூடி போட்டு அதுக்குள்ள வாசனை சரக்கை அடைச்சு வச்சாங்க, அதுல கிராம்பும் இருந்துச்சு. பிளேக்கை பரப்பினது தெள்ளுப்பூச்சி, அதனால மோந்து பாக்குறது காப்பாத்தலை. ஆனா நல்ல வாசனை கெட்டதை விரட்டும்ங்கற நினைப்பு அதோட போகலை, இன்னைக்கும் பல இடத்துல வீட்டை சுத்தி புகை காட்டுறப்போ கிராம்பு விழுது. வட இந்தியாவுல நவராத்திரிக்கு துர்க்கைக்கு கிராம்பை ஜோடியாத்தான் படைப்பாங்க, தலை உடையாத, அந்த உருண்டை கழண்டு போகாத முழு கிராம்பா ரெண்டு. ஹோமத்துலயும் போடுவாங்க, கற்பூரத்தோட சேர்த்து ஏத்துவாங்க. பூக்காத மொட்டை, எதுவும் சிதறாம முழுசா படைக்கிறதுன்னு நினைச்சு பாத்தா அதுல ஒரு அழகு இருக்கு.

யூதர்கள் செய்யற ஹவ்தாலா எல்லாத்தையும் விட மென்மையானது. சனிக்கிழமை பொழுது சாஞ்சு நட்சத்திரம் தெரிஞ்சதும் ஓய்வு நாள் முடியுது, அப்ப விளக்கேத்தி, ஒரு சின்ன பெட்டியில வாசனை சரக்கு வச்சு, பெரும்பாலும் கிராம்புதான், வீட்டுல இருக்குற எல்லாரும் ஒவ்வொருத்தரா வாங்கி மோந்துட்டு அடுத்தவங்க கையில குடுப்பாங்க. புனிதமான நாள் முடிஞ்சு போற வருத்தத்துல இருக்குற ஆன்மாவை வாசனையால தேத்துறதுன்னு அதுக்கு விளக்கம் சொல்வாங்க. இதுல நோய் தீரும்னு யாரும் சொல்லல, காசு வரும்னு சொல்லல, மனசை தேத்துது, அவ்ளோதான். சாமி காரியத்துல கிராம்பை எப்படி வச்சுக்கணும்னு கேட்டா நான் இதைத்தான் காட்டுவேன். புகை போட்டா பல்லு சொத்தை போகாது, ஆனா விளக்கு முன்னாடி உக்காந்து கிராம்பு வாசனையை இழுத்து மூச்சு விடுறப்போ மனசு அடங்குறது நிஜமாவே நடக்குது, நான் தினமும் பண்றேன். புகை போடுறவங்க ஜன்னலை திறந்து வச்சுக்கோங்க, ஆஸ்துமா இருக்குறவங்க இருந்தா புகை வேண்டாம், முழு கிராம்பை ஒரு கிண்ணத்துல வெதுவெதுப்பான தண்ணியில போட்டு வச்சாலே போதும்.

இந்த மரத்தையே உயிரா பாத்தவங்க மலுக்கு மக்கள்தான். மரம் மொட்டு விட்டிருக்கறப்போ அதை கர்ப்பிணி மாதிரி நடத்துவாங்களாம், பக்கத்துல சத்தம் போடக்கூடாது, ராத்திரி விளக்கோ நெருப்போ எடுத்துட்டு அந்த வழியா போகக்கூடாது, தலையில தொப்பியோட கிட்ட வரக்கூடாது, மரம் பயந்து போய் மொட்டை உதிர்த்துடும்னு. குழந்தை பிறந்தா அந்த குழந்தை பேர்ல ஒரு கிராம்பு மரம் நடுவாங்க, மரம் செழிச்சா குழந்தையும் செழிக்கும்னு நம்பிக்கை. அதே மரத்தைத்தான் டச்சு கிழக்கிந்திய கம்பெனி வெட்டி சாய்ச்சுது. 1605-ல அம்போன் தீவை பிடிச்சாங்க, 1652-ல டெர்னேட் சுல்தானுக்கு வருஷா வருஷம் பணம் குடுத்து ஒப்பந்தம் போட்டு மத்த தீவு மரங்களை எல்லாம் வெட்ட ஏற்பாடு பண்ணாங்க, சரக்கு தங்க கையில மட்டும் இருந்தா விலை இறங்காதுன்னு. மகனோட பேர்ல நட்டு தண்ணி ஊத்தின மரத்தை கண்ணு முன்னாடி வெட்டினா ஒரு அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும். 1770-ல பியர் ப்வாவ்ரேங்கற பிரெஞ்சுக்காரரோட முயற்சியில கிராம்பு மரக்கன்னுங்க மொரிஷியஸுக்கு கடத்தப்பட்டு, அங்க இருந்து பரவி, 19-ம் நூற்றாண்டுல கிழக்கு ஆப்பிரிக்கா கரையில இருக்குற சான்சிபார் பெரிய கிராம்பு தீவாச்சு, அங்க பறிச்சவங்க அடிமைங்க. இந்த வாசனைக்கு பின்னாடி இவ்ளோ கண்ணீர் இருக்குன்னு தெரிஞ்ச பிறகு நான் ஒரு கிராம்பை கூட வீணா கொட்டுறதில்ல.

புதுசா ஆரம்பிக்கிறவங்க நல்ல கிராம்பை எப்படி பாத்து எடுக்கணும்னா, நகத்தால தண்டை அழுத்துங்க, எண்ணெய் கசிஞ்சு நகத்துல பளபளன்னு ஒட்டணும். இல்லன்னா ஒரு டம்ளர் தண்ணியில போடுங்க, நல்லது அடியில போகும், இல்ல தலை மேல தெரிய செங்குத்தா நிக்கும், எண்ணெயை ஏற்கனவே உறிஞ்சி எடுத்த சக்கை படுத்துக்கிட்டே மிதக்கும். சக்கையை வச்சு வைத்தியம் பண்ணாலும் வேலை செய்யாது, படைச்சாலும் வாசனை வராது. பொடி பண்ணினா எண்ணெய் சீக்கிரம் பறந்துடும், அதனால முழுசாவே வாங்கி, வெயில் படாத இடத்துல மூடி இறுக்கமான கண்ணாடி பாட்டில்ல போட்டு வைங்க, வேணுங்கறப்போ அன்னைக்கு வேணுங்கறதை மட்டும் நசுக்கிக்கோங்க.